சினோஸ் வாங்கப் போனால் முதலில் தொடையைப் பாருங்கள்

பெங்களூரில் எனக்குத் தெரிந்த ஆண்கள் பலரும் சினோஸ் என்ற பருத்தி கேஷுவல் பேண்டைப் பற்றி ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: "எந்த சினோஸும் எனக்கு செட் ஆகமாட்டேங்குது." அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "வெயிட்டைக் குறைச்சாதான் பேண்ட் நிக்கும்" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எடை குறைப்பது உங்கள் விருப்பம், டாக்டர் சொன்னால் அவசியம். ஆனால் இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு, இன்றைக்கே நன்றாக நிற்கும் ஒரு சினோஸ் கிடைக்கும். இடுப்பு அளவு என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவதால்தான் அது கண்ணில் படுவதில்லை.

காலையில் ஒயிட்ஃபீல்ட் போகிற மெட்ரோவில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்ததும் முதல் வேலையாக பெல்ட் லூப்பில் விரலை விட்டு பேண்டை மேலே இழுப்பார். நிற்பவர்களில் பலருக்குச் சைடு பாக்கெட் வாய் திறந்து நிற்கும், உள்ளே இருக்கும் வெள்ளைத் துணி தெரியும். கவட்டையிலிருந்து இரண்டு தொடைக்கும் குறுக்கே மீசை போலக் கோடுகள் ஓடும். கெண்டைக்காலில் துணி ஒட்டிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். இவர்களில் பெரும்பாலானோர் குண்டானவர்களே அல்ல. கிரிக்கெட்டோ பேட்மிண்டனோ ஆடி நல்ல தொடை வைத்திருப்பவர்கள், அல்லது மெலிந்த கால்களும் லேசான தொப்பையும் உள்ளவர்கள். நம் ஊர் ஆண்களிடம் சாதாரணமாகக் காணும் இரண்டு உடல்வாகுகள். ஸ்லிம் ஃபிட் என்று லேபிள் ஒட்டி வரும் பேண்ட் இந்த இரண்டில் எதையும் மனதில் வைத்து வெட்டப்படுவதில்லை.

கொஞ்சம் பழைய கதை. சினோஸ் ஆபீசுக்காகப் பிறந்த உடை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் போட்ட பேண்ட் அது. ஒரு சதுர கஜத்துக்கு 8.2 அவுன்ஸ் எடையுள்ள கெட்டியான பருத்தி ட்வில், அதாவது சாய்கோட்டு நெசவுத் துணி. போர் முடிந்து அரசு உதவியில் கல்லூரிக்குப் போன வீரர்கள் அதையே போட்டுக்கொண்டு போக, மாணவர்களின் உடையானது. 1986ல் லீவைஸ் நிறுவனம் டாக்கர்ஸ் பிராண்டைத் தொடங்கியது. 1992ல் ஆபீசில் கேஷுவலாக எப்படி உடுத்துவது என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை அச்சிட்டு அமெரிக்க நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பி வைத்தது. அந்த ஆபீஸ் வழக்கம் ஐடி கம்பெனிகளோடு சேர்ந்து நம் ஊருக்கும் வந்துவிட்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ராணுவ பேண்ட் இடுப்பில் உயரமாக ஏறி, தொடையில் தாராளமாக இருந்தது. ஓடவும் குனியவும் தவழவும் வேண்டியவனுக்காக வெட்டியது. பிறகு வந்த ஃபேஷன்தான் அதை இறக்கி, இறுக்கி, இரண்டு சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையைக் கலந்து விற்றது.

நமக்கும் இந்தத் துணி புதிதல்ல. சென்னை பெரம்பூரில் இருந்த பி அண்ட் சி மில்லில் நெய்த காக்கி ட்ரில்லும் இதே சாய்கோட்டு நெசவுதான். இங்கே பின்னிப்பேட்டையில் இருந்த மில்லிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வேலை பார்த்தன. அந்தக் காலத்து பஸ் டிரைவர், கண்டக்டர்களைப் பழைய போட்டோக்களில் பாருங்கள். காக்கி பேண்ட் தொப்புளை ஒட்டி நிற்கும், தொப்பை பேண்டுக்குள் அடங்கியிருக்கும், தொடையில் துணி நேராக விழும். அளவெடுத்துத் தைத்த பேண்ட். அவர்களைப் பார்த்து யாரும் "உடம்பைக் குறை" என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பேண்ட் உங்களுக்கு அமையுமா என்பதை முடிவு செய்வது ரைஸ், சீட், தொடை மூன்றும்தான். சீட் என்றால் பேண்டின் பின்பக்கம், உட்காரும் பகுதி. ரைஸ் என்றால் கவட்டைத் தையலிலிருந்து முன்பக்கம் இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள நீளம். இது 9 அங்குலத்தை ஒட்டி இருந்தால் பேண்ட் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும். தொப்பை உள்ளவருக்கு பேண்ட் தொப்பைக்கு அடியில் போய் உட்காரும். தொப்பை மேலே பிதுங்கும், உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கும், சட்டையை இன் பண்ணினால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதே ஆள் 10.5, 11 அங்குல ரைஸ் உள்ள பேண்டைப் போட்டால் பட்டி தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும். வயிறு உள்ளே போகும், கால் நீளமாகத் தெரியும். அங்கே சுற்றளவு கூடுதலாக இருக்கும் என்பதால் லேபிளில் ஒரு சைஸ், இரண்டு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டி வரலாம். அதற்குக் கூச்சப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிள் உள்ளே இருக்கிறது, யாரும் படிக்கப் போவதில்லை. அதுவும் இல்லாமல் 34 என்று போட்ட பேண்டை டேப் வைத்து அளந்தால் 35, 36 வருவது சாதாரணம். பிராண்டுக்கு பிராண்ட் மாறும் ஒரு எண்ணுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆல்ட்டரேஷன் மட்டுமே செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். ஒரு படிக்கட்டுக்கு அடியில் ஒரு மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு அயர்ன் பெட்டி, அவ்வளவுதான் கடை. திருநெல்வேலிக்கார நண்பன் ஒருவனை அங்கே கூட்டிப்போனேன். கபடி ஆடிய தொடை அவனுக்கு. தொடைக்குப் பார்த்து எடுத்தால் இடுப்பில் கை நுழையும். இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் முட்டிக்கு மேல் ஏறாது. மாஸ்டர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "தம்பி, பேண்ட் எங்க நிக்கணும் உங்களுக்கு?" என்று கேட்டார். நண்பன் முழித்தான். எந்தக் கடையிலும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. "இழுத்து மேல விடுங்க. இன்னும். ஆங், அங்கயே விடுங்க. மூச்சை இழுக்காதீங்க, சாதாரணமா நில்லுங்க."

பிறகு பின்பக்கம் பட்டியின் நடுவில் இருந்த துணியை இரண்டு விரலால் பிடித்து சாக்பீஸில் கோடு போட்டார். பேண்டைக் கழற்றித் தந்ததும் நடு லூப்பை பிளேடால் பிரித்து எடுத்தார், பட்டியை வெட்டினார், பின் தையலை சீட்டின் பாதி வரை பிரித்தார். கோடு பட்டியில் அகலமாகத் தொடங்கி, கீழே போகப் போகக் குறுகி, சீட்டின் நடுவில் பழைய தையலோடு போய்ச் சேர்ந்தது. அந்தச் சரிவு முக்கியம். சரியாக வராவிட்டால் பின்னால் துணி கூம்பு மாதிரி நிற்கும். தைத்து, அயர்ன் பண்ணி, லூப்பைத் திரும்ப அதே இடத்தில் வைத்துத் தைத்தார். "ரெண்டு இன்ச்சுக்கு மேல பிடிக்கச் சொல்லாதீங்க தம்பி, பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்றும் சொன்னார். போட்டுப் பார்த்த நண்பன் நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்தான். தொடை இடிக்கவில்லை, இடுப்பு இறங்கவில்லை, பெல்ட் தேவைப்படவில்லை.

இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், முட்டிக்குக் கீழே டேப்பர் பண்ணலாம் (கீழே போகப் போகக் குறுக்கலாம்), தொடையில் கொஞ்சம் குறைக்கலாம். எல்லாம் சுலபமான வேலை, 2,000 ரூபாய் பேண்டுக்கு மேலே சில நூறு ரூபாய் செலவு. ஆனால் ரைஸைக் கூட்ட முடியாது. தொடையில் இல்லாத துணியை யாராலும் கொண்டுவர முடியாது. ரெடிமேடில் உள்ளே மடித்து விடும் துணி மிகக் குறைவு, அரை அங்குலம் கிடைத்தாலே பெரிது. அதனால்தான் சொல்கிறேன், டெய்லரால் சரிசெய்ய முடியாததைக் கடையில் பாருங்கள், முடிந்ததை அவரிடம் விட்டுவிடுங்கள்.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்ப்பதோடு பலர் முடித்துவிடுகிறார்கள். உட்காருங்கள். ஸ்டூல் இல்லாவிட்டால் குந்துங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பெல்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். பாக்கெட் வாய் மூடியிருந்தால் சீட் சரி. திறந்து நின்றால் சீட்டில் துணி போதவில்லை. தொடையின் பக்கவாட்டில் துணியைக் கிள்ளினால் ஓர் அங்குலமாவது கையில் வர வேண்டும். பக்கவாட்டில் திரும்பி நின்று பின்னால் பாருங்கள், சீட்டுக்குக் கீழே தொளதொளவென்று மடிப்பு தொங்கினால் அங்கே துணி அதிகம். எலாஸ்டேன் கலந்த பேண்ட் ட்ரையல் ரூமில் எல்லோருக்கும் பொருந்தும், நாள் முழுக்கப் போட்டால் முட்டி பிதுங்கி நிற்கும். எனக்கு முழுப் பருத்திதான் பிடிக்கும். ஸ்ட்ரெட்ச் வேண்டும் என்றால் இரண்டு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெட்ச் இருக்கிறதே என்று ஒரு சைஸ் குறைத்து எடுப்பதுதான் தவறு.

டூவீலரில் சில்க் போர்டு சந்திப்பு வழியாக ஆபீஸ் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பேண்ட் முதலில் போவது கவட்டையில்தான். இறுக்கமாக இருந்தால் தையல் விடும், ரொம்பத் தொங்கினால் இரண்டு தொடையும் உரசித் துணி தேய்ந்து ஓட்டை விழும். சதுர மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் எடையுள்ள ட்வில் எடுங்கள். பெங்களூர் வெயிலுக்கு அது தாராளமாகத் தாங்கும், சென்னையில்தான் யோசிக்க வேண்டும். தொடை கனமாக இருந்தால் முன்னால் ஒற்றை ப்ளீட் வைத்ததைத் தயங்காமல் போடுங்கள். உட்காரும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். ப்ளீட் என்றால் அப்பா காலத்துப் பேண்ட் என்று ஒதுக்கியவர்கள் இன்றைக்குக் கடைகளில் மறுபடியும் அது தொங்குவதைப் பார்த்திருப்பார்கள்.

மெலிந்த கால் உள்ளவர்கள் பாட்டத்தை, அதாவது பேண்டின் கீழ்முனைச் சுற்றளவை, ரொம்பக் குறைக்க வேண்டாம். 12 அங்குலப் பாட்டம் போட்டால் கால் குச்சியாகவும் மேல் உடம்பு பெரிதாகவும் தெரியும். சுற்றளவு 14, 15 அங்குலம் இருந்தால் துணி நேராக விழும். நீளம் ஷூவின் மேல் லேசாகத் தொட்டால் போதும். மூன்று மடிப்பு விழுந்து குவிந்து கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்த பேண்டும் இரவல் வாங்கியதைப் போல இருக்கும். நீளம் குறைப்பதற்கு முன்னால் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டுவிடுங்கள். பருத்தி நீளவாக்கில் சுருங்கும்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் ஒன்று எனக்குக் கோபம் வரவைக்கும். "உங்க கலருக்கு லைட் ஷேடு எடுக்காது சார்." கறுத்த தோலுக்குக் காக்கியும் மணல் நிறமும் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பாருங்கள். ஆலிவும் நேவியும் எல்லோருக்கும் பொருந்தும், முதல் இரண்டு பேண்ட் அவையாக இருக்கலாம். மூன்றாவது காக்கியாக இருக்கட்டும். மழைக்காலத்தில் சேறு தெறிக்கும் என்ற காரணத்துக்காகத் தவிர்த்தால் அது நியாயம். தோல் நிறத்துக்காகத் தவிர்க்க வேண்டாம்.

ரெடிமேட் எதுவுமே ஒத்துவரவில்லையா, சிக்பேட்டைத் துணிக்கடைகளில் காட்டன் ட்வில் எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். 58 அங்குல அகலத் துணி என்றால் பெரும்பாலானோருக்கு 1.3 மீட்டர் போதும். அளவு கொடுப்பதோடு நிற்காமல், இருப்பதில் நன்றாக அமைந்த ஒரு பேண்டையும் கையில் கொண்டுபோங்கள். ஃபார்மல் பேண்ட் தைத்தே பழகிய மாஸ்டர்கள் முன்னால் கத்தி போல கோடு வைத்து அயர்ன் பண்ணித் தருவார்கள், சினோஸுக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆன்லைனில் வாங்குபவர்கள், உங்களுக்கு நன்றாக அமைந்த அந்தப் பேண்டைத் தரையில் சமமாக விரித்து ரைஸ், தொடை, பாட்டம் மூன்றையும் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைஸ் சார்ட்டில் ரைஸும் தொடையும் கொடுக்காத பிராண்டிடம் நான் வாங்குவதில்லை. இடுப்பும் நீளமும் லேபிளில் அச்சடிக்க முடிகிறவர்களுக்கு ரைஸை அச்சடிப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. கடைக்குப் போனாலும் கேளுங்கள்: "இதுக்கு ரைஸ் எவ்வளவு?" விற்பவருக்குத் தெரியாவிட்டால் ஆல்ட்டரேஷன் கவுண்ட்டரில் டேப் இருக்கும், வாங்கி நீங்களே அளந்து பாருங்கள்.