தூரிகை எழுத்துருவுக்கு ஏற்ற இடம்

தூரிகையால் எழுதியது போன்ற எழுத்துருக்கள் மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு. அதனாலேயே, அவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் அள்ளித் தெளிப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும், மை வற்றும்போது அதன் மயிர்களின் தடம் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும். இவ்வளவையும் அச்செழுத்துக்குள் கொண்டுவந்து, கை எடுக்காமல் எழுதியதுபோல் எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவது எளிய வேலை அல்ல. ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனித் துண்டு. அப்படியிருந்தும், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஸ்மித் 1942-இல் வடிவமைத்த பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் இணைந்தே ஓடுகின்றன. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜர் எக்ஸ்காஃபன் தம் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 1953-இல் வெளிவந்த மிஸ்ட்ரல் எழுத்துருவை நான் அதற்கும் மேலாக மதிக்கிறேன். கரடான விளிம்புகள் இருந்தும், ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வகை எழுத்துருவைக் காட்டிக்கொடுப்பது இரட்டை எழுத்து. ஒரு சொல்லில் இரண்டு ஆங்கில 'எல்' (l) அடுத்தடுத்து வரும்போது, இரண்டிலும் அதே கீற்று அதே இடத்தில் இருந்தால், கை எழுதியது என்ற நம்பிக்கை அந்தக் கணமே போய்விடும், ஏனென்றால் எந்தக் கையும் ஒரே எழுத்தை இருமுறை அச்சு அசலாக எழுதுவதில்லை. ஓபன்டைப் என்ற கணினி எழுத்துரு வடிவம் வந்தபின், ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை வைத்து, பக்கத்து எழுத்துக்கு ஏற்பத் தானாக மாறச் செய்ய முடிகிறது. எழுத்துரு வாங்குவதற்கு முன் நான் முதலில் தட்டிப் பார்ப்பது இத்தகைய சொற்களைத்தான்.

தலைப்பு, லோகோ, பொருளின் உறை, சுவரொட்டி என இரண்டு மூன்று சொற்கள் பெரிதாக நிற்கும் இடங்களே இதற்கு உரியவை. ஆங்கிலப் பேரெழுத்துகளை மட்டும் வரிசையாக அடுக்குவது பெரும் தவறு, ஏனெனில் அவை சொல்லைத் தொடங்கிவைப்பதற்காக வரையப்பட்டவை, ஒன்றோடொன்று சேர்வதில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினாலும் இணைப்புகள் அறுந்து சொல் துண்டு துண்டாகிவிடும்.

ஓர் அழைப்பிதழில் முகவரியையும் தூரிகை எழுத்துருவில் 8 பாயின்ட் அளவில் அமைத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அச்சாகி வந்தபோது ஆங்கில 'e' எழுத்தின் சிறு கண் மையால் அடைபட்டு, தெருப் பெயரே படிக்க முடியாமல் போயிற்று. மறுபடி அச்சிட்டபோது முகவரியைச் சாய்வில்லாத எளிய எழுத்துருவுக்கு மாற்றி, மேலே இருந்த பெயர்களை மட்டும் தூரிகையிலேயே விட்டுவிட்டேன். சுற்றிலும் இடம் கிடைத்ததும் அந்தப் பெயர்கள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன.