ஒரு தடவை மருந்தடித்தால் மூட்டைப்பூச்சி போகாது

ஒரே தடவை மருந்தடித்தால் மூட்டைப்பூச்சி ஒழிந்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லைங்க. காரைக்குடியில் எங்கள் வீட்டுப் படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடும் நாள்) வாடகைக்கு எடுத்த ஜமக்காளம், தலையணை வழியாகத்தான் எங்களுக்கு வந்திருக்க வேண்டும், இரண்டே மாதத்தில் வளவு (வீட்டு உள்முற்றம்) அறையில் இருந்த ஐயா காலத்துத் தேக்குக் கட்டில் வரை ஏறிவிட்டது. பெரும்பாலான மருந்து முட்டையைக் கொல்லாது, ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து வந்துவிடும், அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடித்தே ஆக வேண்டும். கடித்த தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சிலருக்குத் தடிக்கவே தடிக்காது; டார்ச் அடித்து மெத்தைத் தையலிலும் கட்டில் பொருத்துகளிலும் மைப்புள்ளி மாதிரி கறை, உரிந்த தோல் இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் கட்டிலின் பூவேலை இடுக்கெல்லாம் அதுதான் இருந்தது. துணிகளை 60 டிகிரி சூட்டில் துவைத்தோம், கட்டிலைக் கழற்றி இடுக்கு இடுக்காக நீராவி பிடித்தோம். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தீப்பிடித்தால் என்ன ஆகும்! அப்புறம், எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கட்டில், பெட்டி வாங்குகிறவர்கள் வீட்டுக்குள் ஏற்றும் முன்பே வெளியில் வைத்து ஒவ்வொரு பொருத்தையும் பார்த்துவிடுங்கள், சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூச்சி அது.