சத்தியவாணி முத்து ஏன் வெளியேறினார் என்பதைப் பேசுவோம்

குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடம் சத்தியவாணி முத்து யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாது என்றுதான் பதில் வரும். தெரிந்தவர்களும் 'அண்ணா மந்திரிசபையில் இருந்த ஒரே பெண்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் 1967 இல் மந்திரி ஆனதைவிட 1974 இல் அதை விட்டு வெளியே வந்ததுதான் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். தனித்தொகுதிகள் உள்ள நம் வேலூர் மாவட்டத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்காதது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

1923 இல் பிறந்தவர். 1949 இல் திமுக தொடங்கியபோதே அதில் இருந்தவர். 'அன்னை' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1953 இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள் என்ற திட்டம் அது. 'குலக்கல்வி' என்று மக்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அது நடைமுறையில் தொடர்ந்திருந்தால் எங்கள் ஊரில் தறிக்காரர் பிள்ளை தறிக்குழியிலும், தோல் ஷாப்புக்குப் போகிறவர் பிள்ளை தோல் ஷாப்பிலும், பீடி சுற்றும் அம்மாவின் மகள் பீடித் தட்டோடும் உட்கார்ந்திருப்போம். பீடி சுற்றும் அம்மாவின் மகள் என்று எழுதியது என்னைத்தான். 1954 இல் முதலமைச்சரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அதே ஆண்டு அவர் சட்டமன்றத்துக்குப் போக நின்ற இடைத்தேர்தல் எங்கள் குடியாத்தத்தில்தான் நடந்தது. பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள், அவர் ஜெயித்தார். இந்தக் கதையை எங்கள் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் திட்டத்தை எதிர்த்துச் சிறை போன பெண்ணின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

1957 இல் திமுக முதல்முறையாகத் தேர்தலில் நின்று 15 இடங்களில் வென்றபோது பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் போனார். 62 இல் தோல்வி. 67 இல் மறுபடி வெற்றி. அண்ணாவின் முதல் மந்திரிசபையில் அண்ணாவையும் சேர்த்து 9 பேர். அதில் பெண் இவர் ஒருவர்தான். அரிசன நலமும் செய்தித் துறையும் இவரிடம் இருந்தன.

அந்த 'நலத்துறை' என்ன என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். எங்களுக்கு அதுதான் அரசாங்கம். விடுதி, ஸ்காலர்ஷிப், காலனி வீட்டு மனை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் அந்த ஒரு துறையின் கையில்தான். நான் அரசு மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தேன். சோறு சில நாள் பத்தாது, குழாயில் தண்ணீர் வராது, ஸ்காலர்ஷிப் பணம் வருஷம் முடிந்த பிறகு வரும். ஆனாலும் அந்த விடுதி இல்லையென்றால் பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருக்கும். அதனால்தான் அந்தத் துறையில் யார் உட்காருகிறார், அவர் பேச்சுக்கு மந்திரிசபையில் மதிப்பு இருக்கிறதா என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

அவர் அந்தத் துறையை வைத்திருந்த காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட ஜனங்களின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973 இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் மிராசுதார்களை விடுதலை செய்தது. அதே ஆட்சியில்தான் 1971 இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இடஒதுக்கீடு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. நம் ஊரில் இன்றும் கடனுக்கு அலைகிறோமே, அந்த தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகம்) 1974 இல் வந்தது. எதையும் மறைக்க வேண்டியதில்லை. நல்லதும் நடந்தது, நெஞ்சு வெந்ததும் நடந்தது.

அண்ணாவுக்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களைக் கட்சி கைவிட்டுவிட்டது என்று சொல்லி 1974 இல் அவர் வெளியேறினார். கட்சி ஆளுங்கட்சியாக இருந்தது, கையில் பதவி இருந்தது. தொடக்கத்திலிருந்தே கட்சியில் இருந்தவர். தன் பங்குக்குப் பேசாமல் இருந்திருந்தால் மூத்த தலைவர் என்ற மரியாதையோடு காலம் தள்ளியிருக்கலாம். அப்போது எம்ஜிஆர் தனிக்கட்சி தொடங்கி ஊரெல்லாம் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நேராக அங்கேயும் போகவில்லை. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனியாக ஒரு கட்சி கண்டார். 1977 இல் அதை அதிமுகவோடு இணைத்தார். பிறகு மாநிலங்களவை உறுப்பினர் ஆனார், 1979 இல் சரண் சிங் அரசில் மத்திய மந்திரியும் ஆனார்.

கட்சி மூன்று வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, இதில் என்ன சாதனை என்று கேட்பவர்கள் உண்டு. என் அண்ணனே கேட்டிருக்கிறார். பணமும் சாதி பலமும் இல்லாத ஒரு பெண், இரண்டு பெரிய கட்சிகள் முட்டிக்கொள்ளும் நேரத்தில் தனியாக ஒரு கொடியை ஏற்றினால் அது நிற்பது கஷ்டம்தான். ஆனால் மந்திரியாக இருந்துகொண்டே 'என் ஜனங்களுக்கு இது பத்தாது' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்கள் நம் சரித்திரத்தில் எத்தனை பேர்? அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் சாதனையைப் பற்றிப் பேசலாம்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1989 இல் மாவட்டத்தைப் பிரித்தபோது நம்முடையதற்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது வேலூர் ஆகிவிட்டது. குடியாத்தம் தொகுதி 2006 இல் மார்க்சிஸ்ட் கட்சியின் லதாவையும், 2016 இல் அதிமுகவின் ஜெயந்தி பத்மநாபனையும், 2021 இல் திமுகவின் அமலுவையும் அனுப்பியது. மூன்று வெவ்வேறு கட்சிகள், மூன்று பெண்கள். இதைப் பற்றி ஊர் பெருமைப்படலாம். ஆனால் இவர்களில் ஒருவரும் மந்திரி ஆகவில்லை. நம் பக்கத்துக்கு மந்திரி பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. காட்பாடி துரைமுருகன் பொதுப்பணித் துறையையும் நீர்வளத்தையும் வைத்திருந்தவர். பழைய வட ஆற்காட்டிலிருந்து பெண் மந்திரி என்று பார்த்தால், 1991 இல் நாட்றாம்பள்ளியில் வென்ற இந்திரகுமாரிக்குச் சமூக நலத் துறை கொடுத்தார்கள். 2016 இல் வாணியம்பாடி நிலோபர் கபீலுக்குத் தொழிலாளர் துறை கிடைத்தது. பீடியும் தோலும் தீப்பெட்டியும் உள்ள நம் பக்கத்துக்கு அது பொருத்தமான துறை என்று நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

1967 இல் 9 பேரில் ஒரு பெண். 2021 மே மாதம் பதவியேற்றபோது முதலமைச்சரோடு 34 பேர், அதில் பெண்கள் இருவர். ஒருவருக்குச் சமூக நலன், இன்னொருவருக்கு ஆதிதிராவிடர் நலன். அவர்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. நிதியும் உள்துறையும் வருவாயும் பொதுப்பணியும் எந்தப் பெண்ணுக்கும் தரமாட்டோம் என்று எழுதி வைத்ததுபோல் நடக்கிறது, அதைத்தான் கேட்கிறேன். ஒரு பெண் தானே முதலமைச்சரானால்தான் அவையெல்லாம் அவள் கைக்கு வரும் என்றால் மற்றவர்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

தனித்தொகுதியில் ஜெயித்து வருகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கட்சிதான் சீட்டு கொடுத்தது, அதனால் வாய் திறக்க முடியாது என்று எத்தனையோ பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். சத்தியவாணி முத்துவுக்கும் சீட்டு கொடுத்தது கட்சிதான்.

மாவட்டத்தில் உள்ள மாணவியர் விடுதிகளில் அவர் படத்தோடு வாழ்க்கைக் குறிப்பையும் வைக்கச் சொல்லி, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப்போகிறோம். அந்தக் குறிப்பில் 1974 கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்போம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சொல்லுங்கள். பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அரக்கோணம் பக்கம் இருக்கும் அம்பேத்கர் வழி வந்த பழைய ரிபப்ளிகன் கட்சிக் குடும்பங்களிலோ திமுக குடும்பங்களிலோ 'அன்னை' இதழோ, அவருடைய புதுக்கட்சிக் கூட்டத்து நோட்டீஸோ இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.