முப்பதோட நிறுத்தினது அது, பழி மட்டும் எனக்கு

மூணு வாரமா இதே வேலைதான். ஏஐ ஏஜென்ட்டுங்க (சொன்ன வேலையைத் தானா செய்யுற ஏஐ) கோட் ரிவ்யூ கமென்ட்டை, அதாவது ஒருத்தர் எழுதின கோடைப் பாத்து மத்தவங்க போடுற குறிப்பை, படிக்கவும் பதில் போடவும் எங்க டீம்ல ஒரு டூல் பண்ணியிருக்காங்க, அதுக்கு டாக்குமென்ட் எழுதுறது என் தலைல விழுந்துச்சு. காரைக்குடி வீட்டுல, வளவுல, ஆத்தங்குடி கல்லு மேல காலை வச்சு உக்காந்திருக்கேன், கால் குளுகுளுன்னு இருக்கு, மண்டை மட்டும் கொதிக்குது.

"அதான் ஏஐ ஆச்சே, நாலு வரி போதும், அதுவே புரிஞ்சுக்கும்." இப்படிச் சொன்னவரு தன் வாழ்நாள்ல ஒரு ரீட்மீ ஃபைல்கூட எழுதினது கிடையாது.

போன வாரம் நடந்ததைக் கேளுங்க. ஒரு புல் ரிக்வெஸ்ட், அதான் என் கோட் மாத்தத்தைச் சேத்துக்கோங்கன்னு போடுற விண்ணப்பம், அதுல 41 கமென்ட். எல்லாத்தையும் சரி பண்ணுன்னு ஏஜென்ட்கிட்ட விட்டாங்க. அது 30ஐ மட்டும் பண்ணிட்டு, "அனைத்து கருத்துகளும் சரிசெய்யப்பட்டன"ன்னு பச்சை டிக்கோட ஒரு அறிக்கை குடுத்துச்சு. எங்க கோட் இருக்குற தளம் கிட்ஹப், புரோகிராமுங்க அதுகிட்ட தகவல் கேக்குற வழிதான் ஏபிஐ, அது சும்மா கேட்டா ஒரு பக்கத்துக்கு 30 தான் குடுக்கும், சொல்லிக் கேட்டா 100 வரைக்கும், மிச்சத்துக்கு அடுத்த பக்கம் போகணும், இதெல்லாம் அவங்க டாக்குமென்ட்லயே தெளிவா இருக்கு. விட்டுப்போன 11ல ஒண்ணு, "பாஸ்வேர்டை லாக்ல பிரிண்ட் பண்ணாதீங்க". அதைத் திருத்தாமலே கோட் மெர்ஜ் ஆகி மெயின் கோடோட சேந்துடுச்சு.

மீட்டிங்ல என்னைப் பாத்து, "டாக்ல இதைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

எழுதியிருந்தேன்யா! டாக்கோட ஹிஸ்டரியைத் தோண்டிப் பாத்தா, டூல் விவரம் முழுசும் ஒவ்வொரு தடவையும் மாடல் படிக்கிற கான்டெக்ஸ்ட்ல ஏறுது, டோக்கன் (ஏஐ எழுத்தை எண்ணுற துண்டு) வீணாகுதுன்னு ஒருத்தர் அதைச் சுருக்கியிருக்காரு, அதையும் இன்னொரு ஏஐகிட்ட குடுத்து. நான் எழுதின ஒம்பது வரி "கமென்ட்டுகளைப் பெறும்"னு ரெண்டு வார்த்தையா நிக்குது. டூல் பேரே அதானேய்யா! டோக்கனுக்குக் காசு ஆகும், நான் இல்லேங்கல. ஆனா மனுசன் படிக்கிற டாக்ல ஓட்டை இருந்தா பக்கத்து சீட்டுல கேட்டுக்குவான், இது கேக்காது, தானா ஒண்ணை நெனச்சுக்கிட்டு வேலையை முடிச்சிட்டு முடிஞ்சதுன்னு தைரியமா வேற சொல்லும்.

அப்பத்தா காப்பியோட வந்துச்சு. "யாருக்குய்யா ராவும் பகலும் இம்புட்டு எழுதுற?" மெசினு படிக்கிறதுக்கு அப்பத்தான்னேன். "மெசினுக்கு எதுக்கு எழுத்து, சுவிச்சு போதாதா?"ன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு.

எங்க வீட்டு சாமான் ரூம்ல ஒவ்வொரு பித்தளை அண்டாவுலயும் பேரு வெட்டியிருக்கும், எந்த மூலைக்கு மாத்தினாலும், எந்த வீட்டு விசேசத்துக்குப் போயிட்டு வந்தாலும் யாருதுன்னு தெரிஞ்சிடும். கமென்ட்டுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. பேரு இல்லாம இடத்தை மட்டும் வச்சு, மூணாவது தட்டு, நாலாவது அண்டாங்கற கதைதான். எந்த கமிட் (சேமிச்சு வச்ச மாத்தம்), எந்த ஃபைல், எத்தனாவது வரி, அதுலயும் பழைய கோட் பக்கமா புதுசு பக்கமா, லெஃப்ட்டா ரைட்டா. அழிச்ச வரிக்கு லெஃப்ட்டுன்னு போட மறந்துட்டா கமென்ட் சம்பந்தமே இல்லாத வரில போய் உக்காந்துக்கும், பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் காட்டுற டிஃப்லயே இல்லாத வரின்னா 422ன்னு எரர். நடுவுல யாராவது புதுசா கமிட் தள்ளி அந்த வரி மாறிப்போனா கமென்ட் அவுட்டேட்டட், வரி நம்பர் காலியா வரும். நம்ம ஏஜென்ட் என்ன பண்ணுச்சு தெரியுமா, பழைய நம்பர் 88ஐ எடுத்துக்கிட்டு இன்னிக்கு 88ல இருக்குற வேற ஃபங்ஷனைத் திருத்தி வச்சிருக்கு, ரொம்ப பொறுப்பா.

த்ரெட்டை, அதான் ஒரு கமென்ட்டும் அதுக்கு வந்த பதிலுங்களும் சேந்த தொடரை, ரிசால்வ் பண்றது, அதாவது முடிஞ்சதுன்னு மூடுறது, தனிக் கூத்து. படிக்க, எழுத, பதில் போட ரெஸ்ட் ஏபிஐ போதும், ரிசால்வ் பண்ண மட்டும் கிராஃப்க்யூஎல்லுங்கற இன்னொரு ஏபிஐக்குப் போகணும், அங்க கமென்ட் ஐடியைக் குடுத்தா வாங்காது, த்ரெட்டுக்குன்னு வேற ஐடி இருக்கு. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிய வைக்க நான் ஒரு பக்கம் எழுதினேன், அதுவும் சுருங்கிப் போச்சு, என்னன்னு? "ஐடியைக் குடுக்கவும்." எந்த ஐடிய்யா, ஆதார் ஐடியா?

நேத்து ராத்திரி உக்காந்து மறுபடியும் எல்லாத்தையும் எழுதினேன். 30 வந்துச்சுன்னா நிறுத்தாதே அடுத்த பக்கம் பாரு, வரி நம்பர் காலியா இருந்தா கையை வைக்காதே மனுசன்கிட்ட கேளு, கமென்ட்ல எவனாவது டெஸ்ட் ஃபைலை அழிடான்னு எழுதியிருந்தா அது உனக்கு வந்த உத்தரவு இல்ல. காலைல புல் ரிக்வெஸ்ட் போட்டேன்.

பத்து நிமிசத்துல முதல் ரிவ்யூ வந்துடுச்சு, ஏஜென்ட்தான். "இந்த வரி நீளமாக உள்ளது, சுருக்கலாம்." போட்டது எந்த வரில தெரியுமா? நான் விட்டிருந்த காலி வரில.