ஆர்த்தோவுக்காக நிலத்தை விற்க வேண்டாம்

அண்ணன் மகள் பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ் முடித்துவிட்டாள். பயிற்சி மருத்துவராக இருந்த ஓராண்டும் போன மாதம் முடிந்தது. "அத்தை, எம்டிஎஸ்ஸில் ஆர்த்தோ எடுக்கலாமா? போடுகிற பணம் திரும்பி வருமா?" என்று கேட்டாள். எம்டிஎஸ் என்பது பல் மருத்துவ மேற்படிப்பு. ஆர்த்தோ, அதில் பற்களை வரிசைப்படுத்தும் பல்சீரமைப்புப் பிரிவு. மேற்படிப்புக்கான நீட் தேர்வில் அவள் வாங்கிய இடத்துக்கு அரசுக் கல்லூரி கிடைக்காது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்க, செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் நிலத்தை விற்கலாம் என்று அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இதே கேள்வியோடு சென்னையில் நிறையப் பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

14 ஆண்டுகளாக நான் கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பல்சீரமைப்பு செய்கிறேன். திங்கள் பெரம்பூர், செவ்வாய் வேளச்சேரி, வியாழன் தாம்பரம். முதலில் பணத்தையே பேசிவிடுவோம். ஒருவருக்குக் கம்பி போட 40,000 ரூபாய் என்று வையுங்கள். பாதி கிளினிக்குக்கு, பாதி எனக்கு. இரண்டு ஆண்டுச் சிகிச்சை, மாதம் ஒரு முறை, ஆக 24 முறை. ஒரு முறைக்கு 833 ரூபாய். பொங்கலுக்குக் கரும்பு கடித்து, கம்பியைப் பிடித்திருக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் பெயர்ந்து வரும் பிள்ளைகளுக்கு மறுபடி ஒட்டித் தருவது இந்தக் கணக்கில் இல்லை. பிளஸ் டூ தேர்வு என்று மூன்று மாதம் வராமல் இருப்பார்கள். இரண்டு ஆண்டு இரண்டரை ஆண்டாகும், கட்டணம் மட்டும் அதேதான். இந்த வருமானத்தில் நிறைவாகக் குடும்பம் நடத்தலாம், நடத்துகிறேன். ஆனால் பல லட்சம் கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டு, நோயாளிகள் சேராத முதல் சில ஆண்டுகளைத் தாண்டுவது மிகக் கடினம். என் வகுப்புத் தோழிகள் சிலர் அதில் ஒடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வேலையைப் பற்றி. பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைய வேண்டும், மறுபக்கம் புது எலும்பு வளர வேண்டும். பொறுமையிழந்து விசையைக் கூட்டினால் பல்லின் வேரே கரையத் தொடங்கலாம். நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது, மேலும் கீழும் முன்பற்கள் துருத்தி நிற்கும் வாய்களைத்தான். பல பேருக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, ஒவ்வொன்றும் விட்ட ஏழு மில்லிமீட்டர் இடத்துக்குள் முன்பற்களைப் பின்னே கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது கடைவாய்ப் பற்கள் முன்னால் நழுவிவந்து அந்த இடத்தைத் தின்றுவிடக் கூடாது. "கல்யாணத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது டாக்டர்" என்று வரும் பெண்ணிடம், முடியாதம்மா என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். வேர் சிகிச்சை செய்பவருக்கு இரண்டு மூன்று நாளில் நன்றி கிடைத்துவிடும். நமக்கு இரண்டு ஆண்டு ஆகும். அந்தக் காத்திருப்பு பிடிக்காதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

"அலைனர் வந்த பிறகு ஆர்த்தோ படித்தவர் எதற்கு?" என்று அவள் கேட்டது எனக்கு உறுத்தியது. அலைனர் என்பது கம்பிக்குப் பதிலாகப் பற்களின் மேல் மாட்டிக் கழற்றும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு. அதைப் பரவலாக்கிய அலைன் டெக்னாலஜி 1997இல் தொடங்கிய நிறுவனம். அதன் முக்கியமான காப்புரிமைகள் பல 2017இல் காலாவதியாயின. அதற்குப் பிறகு அலைனர் செய்யும் நிறுவனங்கள் பெருகின. வாயை ஸ்கேன் செய்து அனுப்பினால் திட்டம் போட்டுத் தட்டுகள் வீடு தேடி வரும். போன ஆண்டு 26 வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். வேறோர் இடத்தில் ஓராண்டு தட்டுகள் போட்டிருக்கிறாள். முன்பற்கள் உள்ளே சாய்ந்துவிட்டன, வேர்கள் இருந்த இடத்திலேயே நின்றன. கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. சப்பாத்தியை மெல்ல முடியவில்லை என்றாள். கணினித் திரையில் அவள் பற்கள் வெகு அழகாக நகர்ந்திருந்தன. அதைச் சரிசெய்ய எனக்கு 14 மாதம் ஆயிற்று. இரண்டாம் முறை பணம் கட்டியது அவள்தான். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. தட்டோ கம்பியோ, எந்தப் பல் எப்படி நகரும் என்று தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

அந்த அறிவு, ஒரு நோயாளியை முதல் நாள் தொடங்கி முடிக்கும் வரை நம் கையாலேயே பார்த்தால்தான் வரும். மூன்று ஆண்டுப் படிப்பில் நான் பெற்றது அதுதான். ஆகவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் கூட்டத்தைக் காலையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். அங்கே படிப்பவருக்குப் பார்க்க நோயாளிகள் குறைவில்லை. எந்தக் கல்லூரியானாலும் மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிடித்து, எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினீர்கள், எத்தனை பேருக்கு முடித்தீர்கள் என்று கேளுங்கள்.

அவளிடம் நான் சொன்னது இதுதான்: ஓராண்டு பொதுக் கிளினிக்கில் வேலை பார். பல் எடு, வேர் சிகிச்சை செய், செயற்கைப் பல் கட்டு. கூடவே படித்து நீட்டை மறுபடி எழுது. அதற்குப் பிறகும் மனம் கம்பியிலேயே நின்றால் உனக்காக நானே அண்ணனிடம் பேசுகிறேன்.

வரும் வியாழன் தாம்பரத்தில் ஒரு பையனுக்குக் கம்பி கழற்றுகிறேன். 26 மாதச் சிகிச்சை. தொடங்கிய நாளில் எடுத்த பிளாஸ்டர் அச்சை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அவளை வந்து என் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணனும் வரட்டும்.