வளைவைக் குறை சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை களக்காட்டு வாழைத்தோட்டத்தில் வெட்டும் வாய் வளைந்த என் ரீகர்வ் மடக்குக் கத்தியைப் பற்றி நடந்த பேச்சு இங்கே பலருக்கும் தெரியும். "தீட்ட முடியாத கத்திய எதுக்கு அண்ணாச்சி மறுபடியும் வாங்கினிய?" என்று நான்கு பேர் முன்னிலையில் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

ரீகர்வ் என்பது பிடியோரம் உள்வாங்கி, நுனிக்கு முன் வயிறு புடைத்து வரும் வாய். வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பில் கட்டிய தும்புக் கயிற்றை, அதாவது தேங்காய் நார்க் கயிற்றை, நேர்வாய்க் கத்தியால் இழுத்து அறுத்தால் கயிறு நுனிப்பக்கம் நழுவும். உள்வளைவிலோ அது சிக்கி, இழுக்க இழுக்க வாயிலேயே அழுந்தும். அதே நீளக் கத்தியில் வெட்டும் வாயும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. நேபாளத்துக் குக்ரிக் கத்தியில் இருப்பதும் இந்த வளைவுதான்.

தீட்டுவது கடினம் என்பதை நான் மறுக்கவே இல்லை. அகலமான தட்டைக் கல்லில் வைத்தால் புடைத்த இடங்கள் மட்டுமே தேயும், பள்ளம் கல்லைத் தொடாது. என் முதல் கத்தியைச் சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: வயிறு கரைந்து, பிடியோரம் நகக்கண் அளவுக்கு மட்டும் பள்ளம் மிஞ்சியிருந்தது. அன்று முதல் உருளை வடிவக் கல்லால் நானே தீட்டுகிறேன். குறை கல்லில் இருக்கும்போது கத்தியை ஏன் பழிக்க வேண்டும்?

பலகையில் வெங்காயம் நறுக்க ஆகாது என்பீர்கள். ஆகாதுதான், பள்ளம் பலகையில் படியாமல் துண்டுகள் ஒட்டிக்கொண்டே வரும். வயிற்றை உள்ளே மறைக்கப் பிடியும் அகலமாக வேண்டியிருப்பதால் சட்டைப்பையில் பருமனாகத் தெரியும். தோட்டத்துக்குப் போகிறவனுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டா?

திசையன்விளைப் பக்கம் பனையேறிய என் தாத்தா, வளைந்த பாளை அரிவாளைத் தீட்டுக்கட்டையில் கல்பொடி தூவி நாள்தோறும் தீட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. வளைவைத் தீட்ட முடியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கதிர் அரிவாளும் வெட்டரிவாளும் வளைந்திருக்கும் இந்த மண்ணில், என் கத்தியின் வளைவு மட்டும் எப்படிக் குற்றமாகும்?

அன்று காலை அந்தத் தோட்டத்தில் பழங்கயிறுகள் அத்தனையையும் அறுத்தது அதே கத்திதான். என்னிடம் கேட்டு வாங்கி அறுத்தவரும், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டவரும் ஒருவரே. தும்பைக்கூடத் துடைக்காமல், மடக்காமல், அப்படியே என் பக்கம் நீட்டினார்.