"உதவி நாடுங்கள்" என்று சொன்னால் போதுமா?

ஒக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் முகநூல் முழுக்க ஒரே வசனம்: மனம் விட்டுப் பேசுங்கள், உதவி நாடுங்கள். சரி, நாடினவருக்கு அடுத்து என்ன நடக்கும்? அதைப்பற்றி ஒரு வரியும் இருக்காது. கொழும்பில் மனச்சோர்வுக்குத் தமிழில் அனுதாபம் தாராளம். தகவலுக்குத்தான் பஞ்சம்.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு. குறைந்தது 2 வாரமாவது, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் மனம் இருண்டு கிடக்க வேண்டும். அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போயிருக்க வேண்டும். இதோடு நித்திரை, பசி, களைப்பு, கவனக்குறைவு, தன்னையே குற்றம் சொல்வது, மந்தம் அல்லது பதற்றம், சாவு நினைப்பு என்று எல்லாமாக 5 சேர்ந்து அன்றாட வேலையையும் குழப்பினால் வைத்தியர் மனச்சோர்வு என்று யோசிப்பார். ஆனால் எங்கள் ஆட்கள் "மனம் சரியில்லை" என்று போவது அபூர்வம். "நெஞ்சு அடைக்குது டொக்டர், தலைப்பாரம், கேஸ்ட்ரிக், உடம்பெல்லாம் உளைவு." ஈசிஜி, ஸ்கேன் என்று ஒரு பைல் நிறைய ரிப்போர்ட் சேரும், எல்லாம் நோர்மல். விடியப்புறம் 3, 4 மணிக்கே முழிப்பு வருகிறதா, காலையில் மோசமாகவும் பின்னேரம் கொஞ்சம் லேசாகவும் இருக்கிறதா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையை வீண்செலவு என்று நினைக்கவும் வேண்டாம். தைரொயிட் குறைபாடும் இரத்தசோகையும் இதே களைப்பைத் தரும்.

மனநல வைத்தியசாலை இருக்கிற அங்கொடையின் பெயரைச் சொல்லியே ஆட்களைக் கேலிசெய்து பழகிய நகரம் இது. அந்தப் பயத்தில் பலர் வீட்டிலேயே கிடக்கிறார்கள். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலயிலும் மனநலக் கிளினிக் நடக்கிறது; அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு கட்டத் தேவையில்லை. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள், குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. முக்கியமாக, முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தோடு, கண்டபடி செலவழித்துக்கொண்டு திரிந்த காலம் இருந்ததா. அது வேறொரு மனநோயின் அடையாளமாக இருக்கலாம்; மறைத்தால் கொடுக்கிற மருந்தே பிழையாகிவிடும். சிங்களம் தெரியாது என்று பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "எனக்குச் சாகவேணும் போல இருக்கு" என்று எந்தத் தாய் மகளின் வாயால் சொல்லுவாள்?

இனி மருந்து. எல்லாருக்கும் தேவையில்லை, லேசான நிலையில் பேச்சுச் சிகிச்சையே போதுமாக இருக்கலாம். செர்ட்ரலின், ஃபுளுஒக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்தொன்றை எழுதினால் ஒரு விஷயத்தை வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்: பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல், தலையிடி, படபடப்பு எல்லாம் பெரும்பாலும் முதல் 1, 2 வாரத்துக்கு. மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரமும் பிடிக்கும். இது தெரியாததால் ஐந்தாம் நாளே "இந்த மருந்து ஒத்துவரல்ல" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. ஆரம்பத்தில் துணைக்குக் கொடுத்த நித்திரைக் குளிசை அன்றிரவே வேலை செய்யும். ஆகவே அதை வைத்துக்கொண்டு உண்மையான மருந்தை விட்டுவிடுவார்கள். பழக்கமாகிவிடக்கூடியது அந்த நித்திரைக் குளிசைதான், மற்றது இல்லை.

சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதென்றால் வைத்தியர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல. சட்டென்று விட்டால் தலைசுற்று, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தமாதிரி ஓர் உணர்வு வரலாம். 25 வயதுக்குக் குறைந்தவர் என்றால் முதல் சில வாரங்கள் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பார்க்க. இதையெல்லாம் தமிழில் அரைப்பக்கத்தில் அச்சடித்து மருந்துப் பையோடு கொடுக்க எவ்வளவு செலவாகும்? மனநல நாள் பதாகைக்குச் செலவழிப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுவது பிழை. நேராகவே கேளுங்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. 1333 என்ற மன ஆலோசனை இலக்கத்திலும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், அதற்கும் காசில்லை. வீட்டில் இருக்கிற குளிசைகளை மொத்தமாக நோயாளியின் கையில் விடாமல், வேறொருவர் வைத்திருந்து அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.